மண்ணடியில் ஒரு மாடி வீட்டு சஹர் சாப்பாடு: சர்க்கரைக்காரன் சாப்பிட்டுப் பார்த்தது

போன ரமலானில் (2025) 29 நாளும் எனக்கு சஹர் சாப்பாடு, அதாவது நோன்பு தொடங்குவதற்கு முன் விடியலில் சாப்பிடுவது, வந்தது சென்னை மண்ணடியில் அங்கப்ப நாயக்கன் தெருவை ஒட்டிய ஒரு சந்து மாடி வீட்டிலிருந்து. போர்டு கிடையாது, பெயர் கிடையாது, கேட்டால் "லாத்தா வீடு" என்று கை காட்டுவார்கள், லாத்தா என்றால் அக்கா. இந்த வருடம் (2026) ரமலான் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது, அதற்கு முந்தின மாதமான ஷஅபான் பிறந்ததும் லாத்தா பெயர் எழுத நோட்டைத் திறந்துவிடுவார், அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கிறவர்களுக்குத்தான் இது. இருபத்தைந்து வயதில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், கொடுத்து வைத்தவர்கள்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது 49, சர்க்கரை வந்து ஒன்பது வருடம், செம்புதாஸ் தெருவில் ஒரு பைப் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகளுக்குப் பிரசவ நேரம் என்று வீட்டுக்காரி போன வருடம் பிப்ரவரியிலேயே காயல்பட்டினம் போய்விட்டாள். எனக்குத் தெரிந்த சமையல் டீயும் அவித்த முட்டையும்.

இதில் எனக்கு ஒரு பழைய பயமும் உண்டு. 2023 ஏப்ரல், நோன்பு பாதி தாண்டிவிட்டது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, அப்போதும் வீட்டில் ஆள் இல்லாத ஒரு வாரம். சஹருக்கு ரெண்டு ரஸ்க், ஒரு டீ, கூடவே வழக்கமாகக் காலையில் போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். சாயங்காலம் நாலரை மணிக்கு பில் புத்தகத்தில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, கை நடுங்குகிறது, ஏசி இருந்தும் சட்டை நனைந்துவிட்டது. கூட வேலை பார்க்கிறவர், "பாய், மூஞ்சியே சரியில்ல, நோன்பை விட்டுடுங்க" என்றார். இன்னும் ரெண்டு மணி நேரம்தானே என்று நான் வீம்பு பிடித்தேன். அவர் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பக்கத்து கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்க்க வைத்தார். 58. அங்கேயே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் எங்கள் சர்க்கரை டாக்டரிடம் போனபோது அவர் வாங்கிய வாங்கு இன்னும் காதில் இருக்கிறது: "நோன்பு பிடிக்கறது தப்பில்ல, எங்கிட்ட சொல்லாம பிடிச்சீங்க பாருங்க, அதான் தப்பு."

எனவே 2025 ரமலானுக்கு ஜனவரியிலேயே போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் வந்தால்தான் மாத்திரையை மாற்றி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நேரம் இருக்கும் என்றார். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்), பிரஷர் எல்லாம் பார்த்தார். எனக்கு ரெண்டு மாத்திரை. மெட்பார்மின் தனியாகப் போட்டால் அவ்வளவு சீக்கிரம் சர்க்கரையை விழவைக்காது, கிளிமிபிரைடுதான் வில்லன், வயிறு காலியாக இருந்தாலும் அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்குமாம். அதை சஹரிலிருந்து தூக்கி நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாற்றி அளவையும் குறைத்தார். இது எனக்குச் செய்தது. உங்கள் சீட்டில் வேறு இருக்கும், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். கடைசியாக ரெண்டு எண்ணைச் சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தார்: 70, 300. எழுபதுக்குக் கீழே போனாலும் முந்நூறுக்கு மேலே போனாலும் மணி என்ன என்று பார்க்காமல் நோன்பை விட்டுவிட வேண்டும். மீட்டரில் எது காட்டினாலும் சரி, நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், குழப்பம் வந்தாலும் அப்படியே.

சரி, மெஸ்ஸுக்கு வருகிறேன்.

கடைப் பையன் ஒருவன் நம்பர் கொடுத்தான். போன் போட்டு சஹர் சாப்பாடு வேண்டும் என்றதும் லாத்தா கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை இருக்கா தம்பி?" அடுத்தது, "மாத்திரையா, ஊசியா?" அதற்கடுத்தது, "டாக்டரைப் பாத்தாச்சா?" பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவில்லை என்றால் முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்வாராம், முன்பணம் வாங்க மாட்டாராம். என் பக்கத்து போர்ஷன்காரர் ஒருவரை அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்குக் கோபம், சாப்பாடு விற்கிற பொம்பளைக்கு எதற்கு இந்தக் கேள்வி எல்லாம் என்று. எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. லாத்தாவின் கணவரும் சர்க்கரைக்காரர், ஒரு நோன்பில் தராவீஹ் என்கிற ரமலான் இரவுத் தொழுகைக்குப் போகிற வழியில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட கதையைப் பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

விலை 30 நாளுக்கு 2,700 ரூபாய், மொத்தமாக முன்பணம். ஒரு வேளைக்கு 90. வந்து வாங்கிக்கொள்ளலாம், மண்ணடிக்குள் என்றால் அவர் மகன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். பிராட்வேயைத் தாண்ட மாட்டார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் மூன்றரை மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ரெண்டு வகைச் சாப்பாடு இருக்கிறது. சாதா வகை லாட்ஜிலும் மேன்ஷனிலும் தங்கியிருக்கிற பையன்களுக்கு, சோறு, ஆணம் (குழம்பு), ஏதாவது ஒரு பொரியல், வெள்ளிக்கிழமை பிரியாணி. இன்னொன்று எங்களைப் போன்றவர்களுக்கு, அதே விலை, டப்பா மூடியில் மார்க்கரால் 'ச' என்று எழுதியிருக்கும். சர்க்கரைக்கா சஹருக்கா என்று கேட்டால் சிரிப்பார்.

'ச' டப்பாவில் என்ன இருக்கும் என்றால், ஒருநாள் ரெண்டு கேழ்வரகு ரொட்டி, முட்டை, கீரைக் கடைசல். ஒருநாள் சம்பா கோதுமைச் சோறு, கோழி ஆணம், வெள்ளரிக்காய். ஒருநாள் கொண்டைக்கடலைச் சுண்டலும் சப்பாத்தியும். தயிர் தினமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மீன், அது காசிமேட்டில் இருந்து வருவது என்று வாசனையே சொல்லிவிடும். கணக்கு எளிதுதான், நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தால் மெதுவாகச் செரிக்கும், மத்தியானம் வரை தாங்கும். வெள்ளைச் சோற்றை மட்டும் மலைபோல் சாப்பிட்டால் ஒருமணி நேரத்தில் ஏறிவிட்டு பத்து மணிக்கெல்லாம் பசிக்க ஆரம்பித்துவிடும். ருசியா? நேர்மையாகச் சொன்னால் கோழி ஆணம் அருமை, கீரை பரவாயில்லை, சம்பா கோதுமைச் சோறு ரெண்டாவது வாரத்திலிருந்து தொண்டையில் இறங்க மறுத்தது. உப்பு குறைவு. அப்பளம், ஊறுகாய், கருவாடு எதுவும் 'ச' டப்பாவில் வராது, முதல் மூன்று நாள் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நாலாவது நாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது, மணி மூன்று ஆகியும் நாக்கு ஒட்டவில்லை. 2024-இல் ரெண்டு நாள் வீட்டுக்காரி ஊரில் இல்லாதபோது ஒரு ஹோட்டலில் இருந்து போன் மூலம் பரோட்டாவும் சால்னாவும் வரவழைத்து சஹர் செய்தேன், அந்த ரெண்டு நாளும் லுஹருக்கே (மத்தியானத் தொழுகை நேரம்) தாகம் உயிரை எடுத்தது.

இப்போது குறைகள். முதல் வாரம் சாப்பாடு மூன்றேகாலுக்கே வந்துவிட்டது. போன மார்ச் தொடக்கத்தில் சென்னையில் சஹர் முடிகிற நேரம் ஏறத்தாழ ஐந்தேகால். மூன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அது ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்ந்துவிடும், நோன்பு 13 மணி நேரம் என்பது நமக்குப் பதினைந்தாகிவிடும். சஹரைப் பிந்திச் செய்வதுதான் சுன்னத் (நபி வழி), டாக்டரும் அதையேதான் சொல்கிறார், ரெண்டு பேரும் ஒத்துப்போகிற இடத்தில் மெஸ்காரர் மட்டும் அவசரப்பட்டால் எப்படி? மூன்று தடவை சொன்ன பிறகு என்னைக் கடைசி டிரிப்பில் போட்டார்கள், நாலே இருபதுக்கு வரும். ஆனால் கடைசிப் பத்து நாளில் சஹர் முடிவு ஐந்து மணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அப்போதும் சில நாள் ரொம்பப் பிந்தித்தான் பெல் அடித்தார்கள், அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்க மறந்த நாளும் உண்டு.

இன்னொரு நாள் டப்பா மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை. திறந்தால் மட்டன் பிரியாணி. யாரோ ஒரு மேன்ஷன் பையன் அந்த நேரத்தில் என் கேழ்வரகு ரொட்டியைத் திறந்து பார்த்து என்ன நினைத்திருப்பான் என்று யோசித்துச் சிரித்தேனே தவிர, பிரியாணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ரெண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 241 காட்டியது. அப்புறம் சூடான ஆணத்தை பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டுகிற பழக்கத்தை அவர்கள் விட வேண்டும். வீட்டுத் தூக்கைக் கொடுத்தால் அதில் ஊற்றித் தருகிறார்கள், ஆனால் அதை நீங்களாகக் கேட்க வேண்டும்.

மீட்டர் என்றதும் ஒன்று. விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா என்று இன்னும் நிறையப் பேர் சந்தேகத்தில் இருக்கிறார்கள், அதனாலேயே பகலில் மீட்டரைத் தொடுவதில்லை. முறியாது, எங்கள் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானிலேயே (சொற்பொழிவு) ஹஜ்ரத் (இமாம்) சொன்னார். நான் சஹருக்கு முன், காலை பத்து மணி, மத்தியானம், சாயங்காலம் நாலு, நோன்பு திறந்து ரெண்டு மணி நேரம் கழித்து என்று பார்த்தேன். ஸ்டிரிப் செலவு கொஞ்சம் கடிக்கும்தான், முதல் வாரத்துக்குப் பிறகு ரெண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொண்டேன்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு லாத்தா எதுவும் தருவதில்லை, "பள்ளிவாசல்ல கஞ்சி இருக்கே" என்று முடித்துவிடுவார். நியாயம்தான். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசாங்கமே பச்சரிசி கொடுக்கிற ஊர் இது, அஸர் என்கிற சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு தூக்கோடு வருகிறவர்களில் நோன்பு பிடிக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். பச்சரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி எல்லாம் சேர்வதால் வெறும் சோற்றைவிடத் தேவலை, ஒரு கிண்ணத்தோடு நிறுத்தினால். பிரச்சினை கஞ்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சமோசா, பஜ்ஜி, ரோஸ் நிறத்தில் ஜில்லென்று இருக்கிற சர்பத். பகல் முழுக்கப் பிடித்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால் ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டர் முந்நூறை எட்டிப் பார்க்கும், எனக்கு முதல் நோன்பன்றே 287 காட்டியது. பேரீச்சம்பழமும் கணக்குத்தான். சின்னப் பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம் மாவுச்சத்து, பெரிய மெட்ஜூல் ஒன்றிலேயே 18 கிராம் வரை. ஒற்றைப்படையில் சாப்பிட வேண்டும் என்பார்கள், ஒன்றும் ஒற்றைப்படைதான்.

இனி பதினேழாவது நோன்பு. இந்த விமர்சனத்தை நான் எழுதுவதற்கே அதுதான் காரணம்.

மார்ச் மாதம் என்றால் கணக்கு எழுதுகிறவனுக்கு என்ன என்று தெரியும். கொருக்குப்பேட்டை குடோனில் ஸ்டாக் எடுக்கிற வேலை. தகரக் கூரை, பைப் கட்டுகளுக்கு நடுவில் ஏறி இறங்கி எண்ண வேண்டும். முந்தின ராத்திரி தராவீஹ் முடிந்து அசதியில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், அது என் முட்டாள்தனம். மூன்று மணிக்கு முழங்கால் பஞ்சாகியது. மீட்டர் பையிலேயே இருந்தது. 66. ஒரு நிமிஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், 66-க்கும் 70-க்கும் நாலுதானே வித்தியாசம் என்று மனசு பேரம் பேசியது. சீட்டின் பின்பக்கத்து எண் ஞாபகம் வந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 94. நோன்பு போய்விட்டது. குடோன் வாட்ச்மேன் பார்க்கிறாரோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது, அவர் நோன்பாளியும் இல்லை, அவருக்கு இதைப் பற்றிக் கவலையும் இல்லை.

முன்பணம் கொடுத்த நாளில் லாத்தா ஒன்று சொல்லியிருந்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை: "என்னிக்காவது முடியலைன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க, பகல் கேரியர் வரும்." ஆட்டோவில் கடைக்குத் திரும்பி வந்து, தயங்கித் தயங்கி மிஸ்டு கால் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் அவர் மகன் வந்தார். சாதாரணத் துணிப்பை, மேலே ரெண்டு பில் புத்தகம் வைத்து மூடியிருந்தது. "உம்மா குடுத்தாங்க" என்று மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு கேள்வி இல்லை, ஒரு ஐயோ பாவம் இல்லை. உள்ளே ரசம் சோறு கொஞ்சம், முட்டை, தயிர். பின்கட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அப்புறம்தான் விசாரித்தேன். மண்ணடியில் அப்படி தினமும் பகல் கேரியர் போகிற வீடுகள் ஏழெட்டு இருக்கின்றனவாம். டயாலிசிஸ் செய்கிறவர் ஒருவர், நாலு வேளை ஊசி போடுகிற ஒரு பெரியவர், சர்க்கரையோடு மாசமாக இருக்கிற ஒரு பெண். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாளில் நோற்றுக்கொள்ளச் சொல்லிக் குர்ஆனிலேயே இருக்கிறது, ஆறவே ஆறாத நோய் என்றால் பித்யா (நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவு) கொடுக்கலாம். எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் ரமலானில் பகலில் எங்கள் தெருவில் ஒரு நோயாளி சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வீட்டில் எல்லோரும் நோன்பு, அடுப்பு அணைந்து கிடக்கும், கேட்கவும் கூச்சம். பாதிப் பேர் அந்தக் கூச்சத்துக்காகவே டாக்டர் பேச்சை மீறி நோன்பு பிடிக்கிறார்கள் என்பது லாத்தாவின் கணிப்பு. அவர் முப்பது வருடமாக இந்தத் தெருவுக்குச் சோறு போடுகிறவர், எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

விட்ட அந்த ஒரு நோன்பை டிசம்பரில் களாச் செய்துவிட்டேன், அதாவது வேறு நாளில் நோற்று ஈடு செய்துவிட்டேன். குளிர், பகலும் சின்னது, சஹருக்கு வீட்டுக்காரி கையால் ஆப்பம். மீட்டர் ஒரு தடவைகூட நூறுக்குக் கீழே வரவில்லை.

29-ஆம் நோன்பு முடிந்த மாலையிலேயே பெருநாள் பிறை தெரிந்துவிட்டது, ஆக முப்பதாவது சாப்பாட்டுக்கு நான் கொடுத்த 90 ரூபாய் பாக்கி. கேட்கவில்லை. பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்தால் வாசலில் அந்தப் பையன், கையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். 30-ஆம் நாள் காசுக்கு வட்டிலப்பமாம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்டு அவித்தது, அதுவும் 'ச' என்று மூடியில் எழுதி! போன் செய்து, லாத்தா, இது என்ன நியாயம் என்றேன். "ரெண்டு ஸ்பூன் தம்பி, மிச்சத்தைக் கடைப் பையன்களுக்குக் குடுங்க" என்றார். நாலு ஸ்பூன் சாப்பிட்டேன். 212.

இந்த வருடம் வீட்டுக்காரி இங்கேதான் இருக்கிறாள், சஹர் சாப்பாடு எனக்குத் தேவைப்படாது. ஆனாலும் போன வாரம் போய்ப் பகல் கேரியருக்கு மட்டும் என் பெயரை எழுதச் சொல்லிவிட்டு வந்தேன், அதற்கு முன்பணம் வாங்குவதில்லை. டாக்டரிடம் அடுத்த செவ்வாய் போகிறேன். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது, மூட்டுவலி இருக்கிறவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் போதும்.